தேயிலைச் செடியின் வம்சாவளி: மலையக வரலாற்றுக்கு ஒரு புதிய சான்று

இலங்கைப் பெருந்தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் ஆளுநர்களின் அறிக்கைகளையும், துரைமார் சங்கங்களின் ஏடுகளையும், தோட்டக் கணக்குகளையும் ஆதாரமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. அந்நிலத்தில் நின்ற செடி சான்றாகக் கொள்ளப்பட்டது அரிது. இலையிலிருந்து டீ.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, அதிற் செடிக்குச் செடி வேறுபடும் இடங்களை அடையாளங்களாகக் கொண்டு உறவுமுறையைக் கணிக்கும் முறை, 1990கள் தொடக்கம் இக்குறையை ஓரளவு நீக்கியுள்ளது. இலையின் நிறமும் செடியின் வளர்ச்சியும் மண்ணுக்கும் மழைக்கும் கவ்வாத்துக்கும் ஏற்ப மாறுவன. இவ்வடையாளங்கள் அவ்வாறு மாறுவதில்லை.

இம்முறையின் பயனுக்கு வாதுமை ஒரு நல்ல உதாரணம். வாதுமையின் பெரும்பாலான வகைகள் தம் மகரந்தத்தால் தாமே காய்ப்பதில்லை. ஆகவே விதையிலிருந்து எழும் ஒவ்வொரு மரமும் பிறிதொன்றாகவே அமையும். ஆயினும், கலிபோர்னியாவில் ஒட்டுக்கட்டி வளர்க்கப்படும் வணிக வகைகளுட் பல, நொன்பரெயில், மிஷன் என்னும் இரண்டின் வழிவந்தவை என்பதை டீ.என்.ஏ. ஆய்வுகள் உறுதிசெய்தன. இயற்கை அகலமாகக் கொடுத்ததைச் சந்தை ஒடுக்கிவிட்டது எனலாம். தேயிலையும் இவ்வகையில் வாதுமையை ஒத்ததே.

தேயிலைக்கு முன்னர் நம் மலைகளை மூடியிருந்த அரபிக்காக் கோப்பியோ இதற்கு நேர்மாறானது. அது தன்மகரந்தச் சேர்க்கையாற் பெருகுவது. யேமனிலிருந்து வெளியே சென்ற சிறு தொகைச் செடிகளின் வழியே அது உலகெங்கும் பரவியதால், அதன் பரம்பரையலகு வேறுபாடு மிகக் குறுகியது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் இலைத்துரு நோய் முதலிற் காணப்பட்டது. 1880 முதல் 1882 வரை இங்கு தங்கி ஆராய்ந்த ஹரி மார்ஷல் வார்ட், காற்றிற் பரவும் பங்கசு வித்திகளே நோய்க்குக் காரணம் எனவும், இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமை அதற்கு வழிதிறந்தது எனவும் காட்டினார். மெண்டலின் ஆய்வு 1900இலேயே உலகின் கவனத்துக்கு வந்தது. ஆகவே வார்ட் கண்டது உண்மையின் ஒரு பாதி. மறுபாதியை டீ.என்.ஏ. கூறுகின்றது. துரைமாரின் நட்டம் ஏடுகளில் விரிவாகவே பதிவாகியுள்ளது. நிலுவைக் கூலி கிடைக்காது தவித்தவர்களும், தமிழகத்துக்குத் திரும்பியவர்களும் அந்த ஏடுகளில் எண்ணிக்கைகளாகவே நிற்கின்றனர்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதன்பின் பல தசாப்தங்கள் தேயிலை விதையாலேயே பரவியது. எனவே ஒரு மலையில் நின்ற செடிகளுள் ஒன்று போல் மற்றொன்று இருந்ததில்லை. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஓரிலைத் துண்டுகளைக் கொண்டு பதிய இனப்பெருக்கம் செய்யும் முறையை வளர்த்தது. ஒரு தாய்ச்செடியிலிருந்து அதே இயல்புடைய ஆயிரக்கணக்கான செடிகளைப் பெறுதல் இயல்வதாயிற்று. 1946இல் கொப்புள நோய் வந்தபின், நோயைத் தாங்கும் செடிகளின் தேவையும் கூடியது.

தாய்ச்செடியைத் தெரிவு செய்ய, விதைத் தேயிலை நின்ற மலைகளிற் செடிசெடியாகக் கொழுந்து பறித்து நிறுக்க வேண்டியிருந்தது. அவ்வாறு தெரிவான வகைகள் சிலவற்றின் பெயரில் ட்ரேட்டன், கெனில்வேர்த் முதலிய தோட்டங்களின் பெயர்கள் இன்றும் வாழ்கின்றன. பறித்த பெண்களின் பெயர் எதுவும் எந்த வகைக்கும் சூட்டப்படவில்லை. செடியின் தாய்வழியை இலக்கமிட்டுப் பதிந்துகொண்டிருந்த அதே காலத்திலேதான், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அப்பெண்களிடம் பரம்பரைச் சான்று கேட்டது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கியது.

புதிய வகைகள் விளைச்சலைப் பெருக்கின என்பதை மறுப்பதற்கில்லை. இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களின் சிற்றுடைமையாளர் பலர் அவற்றாலேயே வாழ்கின்றனர். ஆனால் பரவலாக நடப்பட்ட டி.ஆர்.ஐ. 2025 உட்பட 2000 வரிசை வகைகளுட் பல, அசாமிலிருந்து வந்த ஏ.எஸ்.எம். 4/10 என்னும் ஒரே மூதாதையின் வழியின. நம் நாட்டில் நடந்த டீ.என்.ஏ. அடையாள ஆய்வுகளும் பரிந்துரைக்கப்பட்ட வகைகளின் அடித்தளம் குறுகியதெனவே காட்டுகின்றன. கோப்பியின் குறுகல் நமக்கு வந்து வாய்த்தது. தேயிலையின் குறுகல் நாமே செய்துகொண்டது. இரண்டிற்கும் விலைகொடுப்போர் மட்டும் ஒரே மக்கள். நோயோ வரட்சியோ வந்தால் முதலிற் குறைவது வேலைநாளே.

ஆராய்ச்சி நிலையத்தின் சேகரிப்பு இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியைக் காக்கின்றது. எஞ்சியது, விளைச்சல் குறைந்ததெனப் பிடுங்கப்பட்டும் காடாக விடப்பட்டும் வருகின்ற பழைய விதைத் தேயிலை மலைகளில் உள்ளது. அம்மலைகளைப் பிடுங்குமுன் செடிகளின் இலை மாதிரிகளேனும் பெறப்பட வேண்டும். மாதிரி எடுப்போர் மலையின் இலக்கத்தோடு, தொழிலாளர் அதற்கு இட்டு வழங்கும் பெயரையும், அங்கு தலைமுறையாகக் கொழுந்தெடுத்தோர் செடிகளைப் பற்றிக் கூறுவனவற்றையும் ஒரே பதிவேட்டில் எழுதிக்கொள்ளல் வேண்டும். இப்பணிக்குத் தாவரவியல் மாணவரோடு வரலாற்று மாணவரும் செல்லலாம்.