குதிகாலில் ஒரு முள்

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 1999 முதல் 2022 வரை கார்கள் நகர்ந்தன, தொழிலாளிகள் நின்றார்கள். வருஷக்கணக்காக சிமென்ட் தரையில் நிற்பவர்களைக் குதிகால் வலி சுலபமாகப் பிடிக்கும். காலையில் வைக்கும் முதல் அடியிலேயே ‘சுருக்’! ரோந்து சுற்றும் கான்ஸ்டபிள்களை வைத்து, இங்கிலாந்தில் இதற்கு ‘போலீஸ்காரன் குதிகால்’ என்றே பெயர்.

1895-ல் எக்ஸ்ரே வந்தது. குதிகாலில் முள் மாதிரி எலும்பு தெரிய, ‘அகப்பட்டான் திருடன்’ என்று வெட்டியெடுத்தார்கள். பிற்பாடு பார்த்தால், வலியே இல்லாத பலருக்கும் அதே முள்! நிஜ வில்லன், பாதத்தின் அடியில் ஓடும் தடித்த சவ்வு. கத்தி அநேகமாகத் தேவையில்லை. கட்டிலைவிட்டு இறங்குமுன் கால்விரல்களை மேல்நோக்கி இழுத்துப் பத்து எண்ணுங்கள். பத்து தடவை, தினம் மூன்று வேளை. குணமாக மாதங்கள் ஆகலாம். மசியாவிட்டால் அதிர்வலை. 1980-ல் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை உடைத்த அதே டெக்னிக். 2000-ல் அமெரிக்கா குதிகாலுக்கும் அனுமதித்தது.

சூடான செங்கல்லில் எருக்கிலை வைத்து மிதிக்கிற பாட்டி வைத்தியம்? சர்க்கரைக்காரர்கள் கிட்டேயே போகாதீர்கள். சூடு உறைக்காமல் கால் பொத்துவிடும்.