ஃபைனலைஸ் பண்ணாத டிஸ்க்

போன வருஷம் நோன்புக்குக் கொஞ்சம் முன்னால, எங்கள்ல ஒருத்தரின் சாச்சி ஒரு டிஸ்க்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தா. மேலே மார்க்கர் பேனையால் 'பெருநாள் 2006' என்று எழுதியிருந்தது. "இதுக்குள்ள உங்கட சாச்சா இருக்கார் மகன். ஒருக்கா போட்டுக் காட்டுங்களன்" என்றா. சாச்சா மௌத்தாகி ஒன்பது வருஷம். படிப்பித்தவர். அந்தப் பெருநாளுக்கு டீவியில் போன ஒரு கலந்துரையாடலில் கொஞ்ச நேரம் பேசியிருக்கிறார். அதை வீட்டிலிருந்த டிவிடி ரெக்கோடரில் பிடிச்சு வச்சிருக்காங்க.

அட்டாளைச்சேனையில் நாங்க தேடிப் பிடிச்ச ஐந்து பிளேயரிலும் அது ஓடவில்லை. எல்லாமே டிஸ்க் இல்லை என்றுதான் காட்டின. டிஸ்க்கில் கீறல் ஒன்றும் இல்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பிடிச்சால், எழுதப்பட்ட பகுதி ஒரு வளையமாக நிறம் மாறித் தெரியுது. உள்ளே ஏதோ கிடக்கு, திறக்கத்தான் வழியில்லை.

டிவிடி ரெக்கோடர் பாவிச்சவங்களுக்கு இது தெரியும். நிகழ்ச்சியைப் பதிஞ்சு முடிச்ச பிறகு மெனுவுக்குப் போய் 'ஃபைனலைஸ்' என்று ஒன்றைக் கொடுக்கணும். அப்போதுதான் எது எங்கே தொடங்குது, எங்கே முடியுது என்ற விபரம், மற்ற பிளேயர்களுக்கு விளங்குற மாதிரி டிஸ்க்கில் எழுதப்படும். அதைச் செய்யாத டிஸ்க்கைப் பதிஞ்ச மெஷினுக்குத்தான் ஒழுங்காக வாசிக்கத் தெரியும். 'அந்த மெஷின் எங்க சாச்சி?' என்று கேட்டோம். "அது பழுதாப் போச்சி. பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திட்டம்."

அந்த மெஷினை ஏன் வாங்கினாங்க, எப்படித் தெரிஞ்செடுத்தாங்க என்று கேட்கப் போய்த்தான் எங்களுக்கு இந்தப் பழைய கதையெல்லாம் கிடைச்சது.

இலங்கைக்கு டீவி வந்தது பிந்தித்தான். ஐ.டி.என் 1979 ஏப்ரலில், முதலில் கொழும்புப் பக்கத்துக்கு. ஜப்பான் உதவியோடு ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல். அதற்கு முன்னமே, 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதோடு, எங்கட கரையோர ஊர்களிலிருந்து ஆட்கள் மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கிட்டாங்க. போனவங்க திரும்பி வரும்போது கட்டுநாயக்கவிலிருந்து வேனில் வந்த பெட்டிகளில் ஒன்று 'டெக்'. விசிஆர் என்று எங்கட மூத்தவங்க யாரும் சொன்னதை நாங்க கேட்டதில்லை, டெக்தான். சில வீடுகளில் அன்டெனாவுக்கு முன்னமே டெக் வந்திருக்கு. படம் பார்க்கத்தானே வாங்கினது, ஒளிபரப்பு வந்தால் என்ன வராட்டி என்ன.

டெக் தெரிவு செய்வது சின்ன வேலை இல்லை. இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட், ஒளிபரப்பு பால் முறை. சவூதியில் அந்தக் காலத்தில் பல வீடுகளில் 127 வோல்ட், ஒளிபரப்பு செக்காம். ஜப்பானில் 100 வோல்ட், என்டிஎஸ்சி. அங்கே மலிவு என்று தூக்கிட்டு வந்து இங்கே பிளக்கில் குத்தினதும் புகை வந்த கதை ஊருக்கு ஒன்றாவது இருக்கும். லண்டனிலிருந்து வந்த டெக் இன்னும் வேடிக்கை. அங்கேயும் பால்தான், அதனால் எங்கட ஒளிபரப்பைப் பிடிச்சால் படம் வரும், ஆனால் சத்தம் வராது. இரண்டு நாட்டிலும் ஒலியை ஏற்றி அனுப்புற அலைவரிசை இடைவெளி வேற, அங்கே 6 மெகாஹேர்ட்ஸ், இங்கே 5.5. 'மல்டி சிஸ்டம்' என்று பெட்டியில் எழுதியிருந்த டெக்குக்கு அத்தனை மவுசு வந்தது இதனால்தான். துபாயிலோ ஜித்தாவிலோ கடையில் நின்ற ஒரு காக்காவுக்கு, எலக்ட்ரிக் வேலை தெரிஞ்ச மச்சான் இங்கேயிருந்து கடிதத்தில் எழுதி அனுப்பின ஆலோசனைகளை வாசிக்கக் கிடைச்சால் அதுவே ஒரு நல்ல வரலாறாக இருக்கும்.

உலகத்திலும் இந்தத் தெரிவு ஒரு சண்டையாகத்தான் நடந்தது. சோனியின் பீட்டாமாக்ஸ் 1975இல் வந்தது, ஜேவிசியின் விஎச்எஸ் 1976இல். படத்தின் தரத்தில் பீட்டாமாக்ஸ் ஒரு படி மேலே என்பார்கள். ஆனால் முதலில் வந்த பீட்டாமாக்ஸ் கெசட்டில் ஒரு மணித்தியாலம்தான் பிடிக்கும், விஎச்எஸ்ஸில் இரண்டு. ஒரு முழுப் படம் ஒரே கெசட்டில் அடங்கணும் என்று ஆட்கள் நினைச்சாங்க. விஎச்எஸ் வென்றதுக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் நேரம் முக்கியமானது.

அமெரிக்காவில் படக் கம்பனிகள் சோனிக்கு வழக்குப் போட்டன. வீட்டில் டீவியைப் பதிவது திருட்டு என்பது அவங்க வாதம். 1984 ஜனவரி 17இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் சோனியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இப்போது பார்க்க முடியாததைப் பிறகு பார்ப்பதற்காகத்தான் பெரும்பாலும் பதியிறாங்க, அதில் பிழையில்லை என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. பார்த்திட்டு அழிச்சிருவாங்க என்ற நினைப்பு அதற்குள்ளே இருக்கு. நாங்களும் அப்படித்தான் நினைச்சோம் என்பதுதான் எங்கட கவலை.

எங்கட வீடுகளில் டெக் செய்த வேலையும் முதலில் அதுதான். 1998இல் சக்தி டீவி வந்த பிறகு தென்னிந்தியத் தொடர்கள் வீட்டுக்குள் வந்தன. நோன்பு மாசத்தில் தொடர் போற நேரமும் தராவீஹ் நேரமும் மோதும். உம்மாமார் டைமரைப் போட்டிட்டுத் தொழப் போவாங்க. கரண்ட் ஒருக்கா போய் வந்தால் டெக்கின் மணிக்கூடு 12:00 என்று கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும், டைமரும் போயிருக்கும். வறட்சியால் நாடெங்கும் மின்வெட்டு நடந்த 1996இல் டைமரை நம்பினவங்கட நிலை எப்படி இருந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. அடுத்த நாள் அதே கெசட்டில் அடுத்த பகுதி. ஒரு ஈ-180 கெசட் மூன்று மணித்தியாலம், எல்பி முறையில் போட்டால் ஆறு. எல்லாரும் எல்பியில்தான் போட்டாங்க. கெசட்டுக்குக் காசு வேணுமே.

ஆனால் சில கெசட்டுகளின் பின்பக்கத்திலிருந்த சின்னப் பிளாஸ்டிக் துண்டை யாரோ உடைச்சு விட்டிருக்காங்க. அதை உடைச்சால் மேலே பதிய ஏலாது. இது அழிக்கிறதுக்கில்லை என்று ஒரு வீடு முடிவெடுத்ததுக்கு அதுதான் அடையாளம். எங்களுக்கு வந்த கெசட்டுகளில் அப்படி உடைச்சவை கொஞ்சம்தான்: 1996 உலகக் கிண்ண இறுதிப் போட்டி, கல்யாண வீடுகள், பிறகு 'தலைவர்' என்று மட்டும் எழுதின ஒன்று. அதில் இருந்தது 2000 செப்டெம்பரில் அஷ்ரஃப் ஹெலிகொப்டர் விபத்தில் மௌத்தான நாளின் செய்திகள். ஒரு செய்தி வாசிப்பின் நடுவில் தொடங்குது, நடுவில் முடியுது. யாரோ ஓடிப்போய் கையில் கிடைச்ச கெசட்டைப் போட்டு அமத்தியிருக்காங்க.

இப்படி வச்சிருந்ததில் பெரும்பகுதி 2004 டிசம்பர் 26இல் போச்சு. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர் போன நாளில் கெசட்டைப் பற்றிப் பேசுவது கூச்சமாகத்தான் இருக்கு. ஆனால் கடற்கரை வீதிக்காரர் பலரும் பிறகு எங்களிடம் சொன்னது ஒரே விஷயம். மௌத்தானவங்கட முகம் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. தப்பினது, யாரோ சொந்தக்காரர் இரவல் வாங்கிட்டுத் திருப்பித் தராம வச்சிருந்த கெசட்தான். அதுக்கு முன்னால அதற்காக அவங்களோடு சண்டை பிடிச்சதாக ஒரு ராத்தா சிரிச்சுக்கொண்டே சொன்னா.

டிவிடி ரெக்கோடர் எங்கட ஊருக்கு வந்தது இதற்குப் பிறகு. ஜப்பானில் பயனியர் கம்பனி 1999இல் முதல் வீட்டு ரெக்கோடரை விற்கத் தொடங்கியது. விலை இறங்கி வளைகுடாக் கடைகளுக்கு வர ஐந்தாறு வருஷம் எடுத்தது. பழைய சண்டை இங்கேயும் தொடர்ந்தது. ஒரு பக்கம் மைனஸ் ஆர், மறுபக்கம் பிளஸ் ஆர். பிழையான வெறும் டிஸ்க்கை வாங்கினால் சில மெஷின் துப்பிவிடும். கொஞ்சம் காசு கூடக் கொடுத்தால் ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷின் கிடைக்கும். அதில் முதலில் உள்ளே பதிஞ்சு, வேண்டியதை மட்டும் வெட்டி டிஸ்க்கில் ஏற்றலாம். கெசட்டும் டிவிடியும் ஒன்றாயுள்ள மெஷினும் இருந்தது. எங்களைக் கேட்டால், அந்த நேரத்தில் எங்கட வீடுகளுக்கு வேண்டியிருந்தது அதுதான். மிஞ்சின கெசட்டையெல்லாம் அப்போதே மாற்றியிருக்கலாம். ஆனால் எங்களுக்குத் தெரிஞ்சு ரெக்கோடர் வாங்கின வீடுகளே விரல்விட்டு எண்ணக்கூடியவை. மலிவுப் பிளேயரும் விசிடியும் போதும் என்று மற்றவங்க இருந்திட்டாங்க.

சாச்சியின் மெஷினை அவவின் காக்கா கட்டாரிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். கட்டாரும் பால், வோல்ட்டும் ஒத்துப்போகும். அந்த வகையில் நல்ல தெரிவு. எங்கே பிழைச்சது என்பது டிஸ்க்கைத் திறந்த பிறகுதான் விளங்கியது. ஃபைனலைஸ் பண்ணாததைப் பழைய கம்பியூட்டர் டிரைவில் போட்டு, அதற்கென்றே உள்ள மென்பொருளால் தோண்டி எடுக்கலாம் என்று அறிஞ்சு, மூன்று டிரைவ் மாற்றிக் கடைசியில் எடுத்தோம். சாச்சா இருந்தார். ஆனால் முகம் கட்டம் கட்டமாக உடைஞ்சு, கண் எது மூக்கு எது என்று தெரியாம.

4.7 ஜிபி டிஸ்க்கில் எக்ஸ்பி என்று போட்டால் ஒரு மணித்தியாலம், எஸ்பி இரண்டு, எல்பி நாலு, ஈபி ஆறு. நேரம் கூடக் கூட ஒவ்வொரு நொடிக்கும் கிடைக்கிற இடம் குறையும். ஈபியில் பல மெஷின்கள் படத்தின் அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கித்தான் பதியும். கெசட்டில் எல்பி போட்டால் படம் கொஞ்சம் இரையும், ஆனாலும் ஆளைத் தெரியும். டிஸ்க்கில் ஈபி போட்டால் ஆளே கரைஞ்சு போறார். சாச்சியின் டிஸ்க் ஈபி. ஒரு டிஸ்க்கில் ஆறு மணித்தியாலம் கிடைக்குமென்றால் யார்தான் விடுவாங்க? பெருநாள் பகலில் போன எல்லாமே அதில் இருக்கு, விளம்பரம் உட்பட.

ஒலி மட்டும் தெளிவு. பிபிசி தன்னுடைய பழைய 'டொக்டர் ஹூ' நாடகப் பிரதிகள் பலவற்றைத் தானே அழிச்சிட்டு, பிறகு ரசிகர்கள் வீட்டில் டேப்பில் பிடிச்ச ஒலியை வச்சுத்தான் தொலைஞ்ச அத்தியாயங்களைத் திரும்பக் கேட்கக் கொடுக்குது. நிலையங்கள் வச்சிருக்கும் என்று நம்பி இருக்கக்கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேணுமா? பிலடெல்பியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண் 1979 முதல் 2012இல் இறக்கும்வரை டீவிச் செய்திகளை இரவு பகலாகப் பதிஞ்சு 70,000 கெசட்டளவில் விட்டுப்போனா. எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஊருக்கு நூறு கெசட் போதும்.

அதனால் இப்போது வீட்டில் ரெக்கோடர் கிடந்தால் தயவுசெய்து விற்க முதல் ஒரு வேலை செய்யுங்க. டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக அதே மெஷினில் போட்டு ஃபைனலைஸ் பண்ணுங்க. ஒரு டிஸ்க்குக்குச் சில நிமிஷம்தான். கெசட்டில் வெள்ளையாகப் பூஞ்சணம் கண்டால் டெக்கில் போடாதீங்க, அது ஹெட்டில் ஒட்டி அடுத்த கெசட்டுக்கும் போகும். நல்ல டெக்கை யாருக்கும் சும்மா கொடுக்காதீங்க. விஎச்எஸ் டெக் செய்த கடைசிக் கம்பனியான ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திட்டுது, இனிப் புதிதாய் வராது.

சாச்சாவின் குரலை மட்டும் வெட்டி சாச்சியின் போனுக்கு அனுப்பினோம். நாலு நிமிஷம் பன்னிரண்டு செக்கன். பாலமுனையிலிருந்து நேற்று இன்னொரு பெட்டி வந்திருக்கு. பதினொரு கெசட், இரண்டில் பூஞ்சணம்.