வீ.சீ. றோட்டும் எமது சபைகளும்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமுள்ளவர்கள் இருந்து வாசியுங்கள். மற்றவர்கள் சேமித்து வைத்து ஆறுதலாக வாசியுங்கள்.

இந்த நாட்டில் பல ஊர்களில் "வீ.சீ. றோட்டு" என்று ஒரு பாதை இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகளிடம் வீ.சீ. என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். யாரோ ஒரு ஹாஜியாருடைய பெயரின் முதலெழுத்து என்பார்கள். வில்லேஜ் கவுன்சில், அதாவது கிராம சபை, அதுதான் வீ.சீ. சபை ஒழிக்கப்பட்டு நாற்பது வருடம் கடந்துவிட்டது. றோட்டில் மட்டும் அதன் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 மே 6 ஆம் திகதி நாடு முழுவதும் 339 உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. நாட்டிலுள்ள மன்றங்கள் 341. விடுபட்ட இரண்டில் எல்பிட்டிய பிரதேச சபைக்கு 2024 ஒக்டோபரிலேயே தேர்தல் முடிந்திருந்தது. மற்றது எமது கல்முனை மாநகர சபை. வழக்கு இருந்ததால் எமக்கு வாக்குச் சீட்டே வரவில்லை. அதிலிருந்து எங்கு பார்த்தாலும் ஒரே பேச்சு: எல்லை எங்கே, யாருக்குத் தனிச் சபை, யாருக்கு இல்லை. பேசுவது நல்லதுதான். ஆனால் இந்தச் சபைகள் எப்படி வந்தன, எப்படிப் போயின என்பது தெரியாமல் பேசுகிறோம்.

சபை என்று சட்டத்தில் ஒன்று வருவதற்கு முன்பே எமது ஊர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டன. வயலுக்கு வட்டை விதானை இருந்தார். எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது விதைப்பது, யாருடைய மாடு யாருடைய பயிரைத் தின்றது என்பதெல்லாம் அவருடைய பொறுப்பு. ஊருக்குள் பள்ளிவாசலின் மரைக்காயர் சபை இருந்தது. கிழக்கிலே தாய்வழிக் குடி முறை இருப்பதால் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர். குடும்பப் பிணக்கு, கலியாணம், மையவாடி, கந்தூரி எல்லாம் அங்கேதான் பேசித் தீர்க்கப்பட்டன. வாக்குப் பெட்டி கிடையாது. ஆனால் தன் குடிக்கார மரைக்காயரிடம் போய்க் கேட்கும் உரிமை எல்லோருக்கும் இருந்தது. 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்பு சட்டத்துக்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகம் பதிவுக்கும் கணக்குக்கும் உட்பட்டது. பழைய குடி முறை அதன் பிறகும் பல ஊர்களில் தொடர்ந்தது.

வெள்ளைக்காரன் சபைகளைக் கொண்டு வந்தது எம்மேல் உள்ள அன்பினால் என்று நினைக்க வேண்டாம். பாதை போடவும் சுகாதாரம் பார்க்கவும் ஆகும் செலவை அந்தந்த ஊராரே சுமக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. 1865 இல் மாநகர சபைகளுக்கான கட்டளைச் சட்டம் வந்து கொழும்பும் கண்டியும் முதலில் சபை பெற்றன. 1871 இல் கிராமங்களுக்கான கட்டளைச் சட்டம் வந்தது. பாதை, கிணறு, கட்டாக்காலி மாடு, நீர்ப்பாசனம் போன்றவற்றுக்கு விதி செய்யும் கிராமச் சங்கங்களும், சில்லறை வழக்குகளைத் தீர்க்கும் கிராமக் கோடுகளும் அதனால் உண்டாயின. 1876 இல் நடுத்தர நகரங்களுக்கு லோக்கல் போர்டு, 1892 இல் சிறு பட்டினங்களுக்குச் சுகாதாரச் சபை. ஆனால் தலைமைக் கதிரையில் கச்சேரி அதிகாரிகள்தான் இருந்தார்கள். ஊரார் உறுப்பினராக இருக்கலாம், கடைசி வார்த்தை துரையுடையது.

அந்தக் கதிரை மெல்ல மெல்லத்தான் ஊரார் கைக்கு வந்தது. 1931 இல் நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. முப்பதுகளின் கடைசியில் கிராமச் சங்கங்களும் மக்கள் தெரிவு செய்யும் சபைகளாக மாறின. 1939 இல் நகர சபைகளுக்கும், 1946 இல் பட்டின சபைகளுக்கும், 1947 இல் மாநகர சபைகளுக்கும் புதிய கட்டளைச் சட்டங்கள் வந்தன. நாடு சுதந்திரம் பெறுவதற்கு முன்பே இந்த அமைப்பு முழுமையடைந்துவிட்டது.

எமது பகுதியில் அப்போது இருந்தவை நான்கு சபைகள். கல்முனை பட்டின சபை ஒன்று. மருதமுனை, பெரியநீலாவணை, பாண்டிருப்பு பக்கத்துக்குக் கரைவாகு வடக்கு கிராம சபை. சாய்ந்தமருதுக்குக் கரைவாகு தெற்கு கிராம சபை. நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு பக்கத்துக்குக் கரைவாகு மேற்கு கிராம சபை. இன்று நடக்கும் எல்லை வாதத்தில் "பழையபடி நான்காகப் பிரி" என்று ஒரு சாரார் கேட்பது இந்தப் படத்தை வைத்துத்தான்.

அந்தச் சபைகள் என்ன செய்தன? கிரவல் போட்டன. கிணறு கட்டின. சந்தைக்குக் குத்தகை கூறின. மாடறுக்கும் மடுவத்தைப் பார்த்துக்கொண்டன. வாசிகசாலைக்குப் பத்திரிகை வாங்கிப் போட்டன. சைக்கிளுக்கு வருடாவருடம் லைசன்ஸ் எடுக்க வேண்டும். அதற்கும் நாய்க்கும் சபைதான் வரி வாங்கியது. இப்போது கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சில்லறை வரிக்குள் ஒரு விஷயம் இருந்தது. சைக்கிளுக்குக் காசு கட்டியவன், என் வாசலில் உள்ள பள்ளத்தை ஏன் மூடவில்லை என்று கேட்பான். கேட்பதற்கு ஒரு ஆளும் இருந்தார். ஒரு வட்டாரத்துக்கு ஒரு உறுப்பினர். அவர் சுபஹுத் தொழுகைக்கு எந்தப் பள்ளிக்கு வருவார், பின்னேரம் எந்தத் தேத்தண்ணிக் கடையில் இருப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒளிய இடமில்லை.

அது பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. வயலும் காசும் உள்ள போடிமாருடைய கைதான் அங்கே ஓங்கியிருந்தது. பெண்களுக்கு அந்தக் கதிரை எட்டவில்லை. தவிசாளருக்கு வேண்டியவரின் ஒழுங்கை முதலில் கிரவல் கண்டது, வேண்டாதவரின் ஒழுங்கை மாரியில் சேறாகவே கிடந்தது. வருமானமும் சொற்பம். 1955 இல் வெளிவந்த சொக்ஸி ஆணைக்குழுவின் அறிக்கையும், இந்த ஏற்பாட்டைப் பிராந்திய சபைகள் கொண்டு திருத்த வேண்டும் என்றே சிபாரிசு செய்தது. திருத்த வேண்டிய குறைகள் இருந்தன என்பது உண்மை. நடந்தது திருத்தம் அல்ல.

1980 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் உருவாகின. மறு வருடம் நாட்டிலிருந்த 83 பட்டின சபைகளும் 549 கிராம சபைகளும் ஒரேயடியாக இல்லாமல் ஆக்கப்பட்டன. மாநகர சபைகளும் நகர சபைகளும் தப்பின. கிராமத்தான் சபைதான் போனது. அந்தப் புதிய சபைகளுக்கு 1981 ஜூன் 4 இல் தேர்தல் நடந்தது. அதற்குச் சில நாள் முன்னர்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அந்த நூலகம் யாழ்ப்பாண மாநகர சபையினுடையது என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். ஓர் உள்ளூராட்சி மன்றம் தன் ஊருக்குச் செய்து கொடுக்கக்கூடியது என்ன என்பதற்கு இந்த நாட்டில் அதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எமக்குத் தெரியவில்லை.

கிராம சபைகள் இருந்த இடத்தில் கிராமோதய மண்டலம் என்று ஒன்றை வைத்தார்கள். ஊரிலுள்ள சங்கங்களின் தலைவர்கள் கூடி இருப்பார்கள். வாக்களித்துத் தெரிவு செய்வது கிடையாது, வரி வாங்கும் அதிகாரமும் கிடையாது. பேசலாம், மகஜர் எழுதலாம். அது எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

பிறகு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம். இங்கேதான் எமது கதை திரும்புகிறது. பழைய கிராம சபைகளை உயிர்ப்பிக்காமல், உதவி அரசாங்க அதிபர் பிரிவு எதுவோ அதுவே பிரதேச சபையின் எல்லை என்று வைத்தார்கள். அதனால் எமது நான்கு சபைகளும் ஒன்றாகிக் கல்முனை பிரதேச சபையாயின. ஊராரிடம் யாரும் கேட்கவில்லை. நிர்வாக வசதிக்காகக் கீறிய கோடு எமது அரசியல் எல்லையாகிவிட்டது. யுத்தத்தால் கிழக்கில் உடனே தேர்தலும் இல்லை. நாட்டின் மற்றப் பகுதிகள் 1991 இல் வாக்களித்தன, எமக்கு 1994 வரை காத்திருக்க வேண்டி வந்தது. 1998 இல் பிரதேச சபை நகர சபையானது. 2001 இல் மாநகர சபை. தரம் உயர்ந்தது எமக்கும் பெருமைதான். பெயர்ப்பலகை பெரிதாகியது, முதல்வருக்கு அங்கி வந்தது.

ஆனால் ஒன்று காணாமல் போயிருந்தது. விகிதாசார முறை வந்ததோடு வட்டாரம் ஒழிந்துவிட்டது. கட்சிப் பட்டியலில் யாருக்கு விருப்பு வாக்கு அதிகமோ அவர் உறுப்பினர். ஒரே தெருவில் மூன்று உறுப்பினர்கள் இருப்பார்கள், அடுத்த ஊருக்கு ஒருவரும் இருக்க மாட்டார். வடிகான் அடைத்தால் யாரிடம் போவது? இருந்த எல்லோரும் எல்லோருக்கும் பொறுப்பு, அதனால் ஒருவரும் பொறுப்பில்லை. எமது அபிப்பிராயத்தில், எல்லை மாறியதைவிட இதுதான் பெரிய இழப்பு. இதைப் பற்றி ஊர்வலமும் இல்லை, கடையடைப்பும் இல்லை.

2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது ஊர் என்றால் என்ன என்று பார்த்தோம். அதிகாரிகள் வந்து சேர்வதற்கு முன்னரே ஜனாஸாக்களைத் தூக்கியவர்கள், பாடசாலைகளைத் திறந்து பாய் விரித்தவர்கள், சோறாக்கிக் கொடுத்தவர்கள் அயலவர்கள்தான். பள்ளிவாசலும் கோயிலும் விளையாட்டுக் கழகமும் சனசமூக நிலையமும் சபையின் வேலையைச் செய்தன. இன்றும் இரத்ததானம், சிரமதானம், வெள்ள நேரத்து உலருணவு என்றால் எமது இளைஞர்களை மிஞ்ச ஆளில்லை.

அந்தப் பெருமைக்குள்ளேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது. "எமக்குச் சபை எதற்கு, பள்ளி நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்" என்று சிலர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எமது நிலத்தைப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே ஒடுங்கிய ஒரு மணற்பட்டி, அதற்குள் வீட்டோடு வீடு ஒட்டியபடி சனம். குப்பை கொட்ட இடமில்லை. மழைத் தண்ணீர் ஓட வழியில்லை. தோணாவை நிரப்பி மதில் கட்டுபவரைச் சங்கத்தால் தடுக்க முடியுமா? கட்டட அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் சபையின் சட்ட அதிகாரம். சோலை வரி அறவிடுவதும் குப்பை மேட்டுக்கு இடம் எடுப்பதும் வடிகானுக்குத் திட்டம் போடுவதும் அப்படித்தான். சிரமதானத்தால் ஒரு நாள் வடிகானைத் துப்புரவாக்கலாம். அது எங்கே போய் விழ வேண்டும் என்று தீர்மானிக்க முடியாது.

வட்டாரம் திரும்பி வந்தது 2018 பெப்ரவரி 10 தேர்தலில். அறுபது வீதம் வட்டாரம், நாற்பது வீதம் பட்டியல், பெண்களுக்கு 25 வீதம். அந்தத் தேர்தலில் சாய்ந்தமருது மக்கள் தனிச் சபைக் கோரிக்கையை முன்வைத்துச் சுயேச்சைக் குழுவாக நின்று 9 ஆசனங்களை எடுத்தார்கள். 2020 பெப்ரவரி 14 இல் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வந்தது. பட்டாசு கொளுத்தினார்கள். அந்த மாதம் முடிவதற்குள்ளேயே அது நிறுத்தப்பட்டது. ஒரு பக்கம் கொண்டாட்டம், ஒரு பக்கம் கவலை, இரண்டும் சில நாள்தான். இதில் யார் சரி என்று இந்தப் பதிவில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எமது உறவுகள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், அயலிலுள்ள தமிழ்ச் சகோதரர்களுக்கும் அவர்களுடைய நியாயம் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். 1981 இல் எடுத்ததும் 1987 இல் சேர்த்ததும் 2020 இல் கொடுத்துப் பறித்ததும் கொழும்பில் ஒரு கையொப்பத்தால் நடந்தவை.

2023 மார்ச்சில் எல்பிட்டிய தவிர்ந்த மற்றச் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலுக்குக் காசில்லை என்றார்கள். அந்தத் தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்ட் 22 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மற்ற ஊர்களுக்கு 2025 இல் உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். எமது வீட்டுக்கு வரும் சோலை வரித் துண்டு மட்டும் தவறாமல் வருகிறது. அதைக் கட்டுகிறவர்களுக்கு, உறுப்பினர் இல்லாத காலத்திலும் கணக்குக் கேட்கும் வழி இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் எந்தச் சபையிடமும் எழுத்தில் கேட்கலாம்: எமது ஊரில் எவ்வளவு வரி வாங்கினீர்கள், எமது ஊருக்கு எவ்வளவு செலவழித்தீர்கள்? தனிச் சபை கேட்பவர்களுக்கும் வேண்டாம் என்பவர்களுக்கும் தேவைப்படுவது இந்த இரண்டு எண்கள்தான். பிரிந்தால் தாக்குப் பிடிக்குமா, சேர்ந்திருந்தால் அநியாயம் நடக்கிறதா என்பதை மைக் கட்டிப் பேசித் தெரிந்துகொள்ள முடியாது.

இனி ஒரு வேண்டுகோள். பழைய நான்கு சபைகளின் ஞாபகம் உள்ளவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். கடல் கொண்டு போனது போக, சில வீடுகளின் பெட்டகத்தில் இன்னும் ஏதாவது மிச்சமிருக்கும். கிராம சபை வரி ரசீது, சைக்கிள் லைசன்ஸ் தகடு, வட்டாரத் தேர்தல் துண்டுப்பிரசுரம், கூட்ட அறிவித்தல், வாசிகசாலை முத்திரை குத்திய புத்தகம், எதுவானாலும் பரவாயில்லை. கையால் எழுதியது மங்கியிருந்தால் வெயிலில் காய வைக்க வேண்டாம், அப்படியே நிழலில் வைத்துப் படமெடுங்கள். யாருடைய வீட்டில் இருந்தது, எந்த வருடம் என்பதையும் எழுதுங்கள். பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கோவையாகச் சேர்க்க நினைத்திருக்கிறோம். உங்கள் வாப்பாவோ மூத்தவாப்பாவோ வீ.சீ. உறுப்பினராக இருந்திருந்தால், எந்த வட்டாரம் என்பதை மறக்காமல் கேட்டு எழுதி வையுங்கள்.