ஓர் இளைஞர் ஒட்டி வைத்த வரலாறு



போரை நடத்துகிறவர்களின் பெயர்கள் வரலாற்றில் இடம் பெற்றுவிடுகின்றன. அதில் மடிகிற ஏழைகளின் முகங்களோ மறைந்துபோகின்றன. அந்த முகங்களை உலகுக்குக் காட்டப் படக்கருவியோடு சென்று தம் உயிரை இழந்த ஓர் இளைஞரைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம். அவர் பெயர் டேன் எல்டன்.

1970இல் இலண்டனில் பிறந்த இவர், 1977இல் பெற்றோருடன் கென்யாவுக்குச் சென்று நைரோபி நகரில் வளர்ந்தார். பள்ளிப் பருவத்திலேயே குறிப்பேடு வைக்கத் தொடங்கினார். தாம் எடுத்த புகைப்படங்களை அதில் வெட்டி ஒட்டுவார். அவற்றின்மேல் வண்ணம் தீட்டுவார். பயணச்சீட்டு, செய்தித்தாள் துண்டு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்ப்பார். இவ்வகைக் கலைக்கு ஒட்டுச்சித்திரம் என்று பெயர். இப்படி 17 குறிப்பேடுகளை அவர் நிரப்பினார்.

1992இல் சோமாலியாவை உள்நாட்டுப் போரும் பஞ்சமும் வாட்டின. அங்கே சென்று பட்டினியால் வாடிய மக்களைப் படமெடுத்த டேன், ராய்ட்டர் செய்தி நிறுவனத்துக்காகப் பணியாற்றினார். 1993 ஜூலை 12ஆம் நாள், தலைநகர் மொகடிஷுவில் ஒரு வீட்டின்மீது அமெரிக்க ஹெலிகாப்டர்கள் குண்டு பொழிந்தன. பலர் மாண்டனர். நடந்ததைப் படமெடுக்க வருமாறு அழைக்கப்பட்டு, செய்தியாளர்கள் அங்கே விரைந்தனர். ஆத்திரமுற்ற கூட்டம் அவர்கள்மீதே பாய்ந்தது. டேனும், கென்யர்களான ஹோஸ் மைனா, அந்தோணி மச்சாரியா ஆகியோரும், ஜெர்மானியரான ஹான்சி கிராஸும் கொல்லப்பட்டனர். டேனுக்கு அப்போது வயது 22.

அவருடைய குறிப்பேட்டுப் பக்கங்கள் 1997இல் நூலாக வெளிவந்தன. அவை கண்காட்சிகளாகவும் பல ஊர்களுக்குச் சென்றன.

அந்த மொகடிஷு நமக்கும் அந்நியமான ஊரன்று. அதே 1993இல் மலேசிய வீரர்கள் அங்கே ஐ.நா. அமைதிப் படையில் இருந்தனர். அக்டோபர் மாதம், சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்கச் சென்றபோது மாட் அஸ்னான் அவாங் என்ற நம் வீரர் உயிரிழந்தார். 2011 செப்டம்பர் 2ஆம் நாள், உதவிக் குழுவுடன் சென்ற பெர்னாமா தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர் நோரம்பைசுல் முகமட் நோர் அங்கே துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்.

இனி நம் தோட்டப்புறத்துக்கு வருவோம். ஜப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண இரயில்பாதை போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்களில் ஏராளமானோர் காலராவாலும் பசியாலும் மாண்டனர். இறந்த ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. அங்கே கைதியாக இருந்த ரொனால்ட் சேர்ல் என்ற ஆங்கில இளைஞர், தாம் இரகசியமாக வரைந்த படங்களைக் காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் மறைத்துக் காப்பாற்றினார். அவை இன்று இலண்டன் போர் அருங்காட்சியகத்தில் உள்ளன. வெள்ளைக்காரக் கைதிகளின் துன்பத்துக்கு இத்தகைய படங்கள் சாட்சி சொல்கின்றன. நம் மக்களுக்கு அத்தகைய சாட்சி மிகக் குறைவு. தாத்தா சயாமுக்குப் போனார், திரும்பவில்லை என்ற ஒரு வரியே பல குடும்பங்களில் எஞ்சியிருக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயங்களோடு நினைவுகளும் அழிய விடலாமா? கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ படக்கடையில் எடுத்த தீபாவளிப் படம், பழைய சம்பளச் சீட்டு, கோயில் திருவிழா நோட்டீசு, ஊரிலிருந்து வந்த கடிதம் ஆகியவற்றைப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி, அருகில் பெயரும் ஆண்டும் எழுதட்டும். படத்தில் இருப்பவர் யார் என்று பாட்டியிடம் இன்றே கேட்டு எழுதட்டும். பாட்டிக்குப் பிறகு அதைச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.