ஓர் இடம் குறைந்தபோது

ஓட்டுப்பெட்டியை ஒழுங்காக எண்ணிவிட்டால் ஜனநாயகம் பிழைத்துக்கொள்ளும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பியவன்தான். 1930 ஃபின்லாந்துத் தேர்தலைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டுவிட்டது.

1929 தேர்தலில் கம்யூனிஸ்டுகள் வேறு பெயரில் நின்று 200 இடங்களில் 23ஐப் பிடித்திருந்தார்கள். அவ்வருஷக் கடைசியில் வலதுசாரி லாப்புவா இயக்கம் கிளம்பியது. 1930 ஜூலையில் பாராளுமன்றக் குழுக் கூட்டத்திலிருந்தே இரண்டு கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை அதன் ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அரசு என்ன செய்தது? மிச்சமிருந்த கம்யூனிஸ்ட் உறுப்பினர்களைக் கைதுசெய்தது!

அடுத்தது, அவர்களைத் தேர்தலிலிருந்தே விலக்கும் சட்டங்கள். அடிப்படை உரிமைகளில் கைவைப்பதால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 134 ஓட்டு வேண்டும். சபை கலைக்கப்பட்டு அக்டோபரில் தேர்தல் வந்தது. தடுக்க 67 பேர் போதும். சமூக ஜனநாயகவாதிகள் ஜெயித்தது 66. கம்யூனிஸ்டுகளுக்கு ஒன்றுகூட இல்லை. நவம்பரில் சட்டங்கள் நிறைவேறின.

1932இல் மேன்ட்சாலாவில் ஆயுதத்தோடு கூடிய லாப்புவா இயக்கமும் அதே சட்டங்களில் ஒன்றால்தான் தடைசெய்யப்பட்டது. 'பாருங்கள், சட்டம் எல்லோருக்கும் பொது' என்று சிலர் சொல்லக்கூடும். நான் ஒப்பமாட்டேன். கம்யூனிஸ்ட் கட்சி வெளியே வர 1944 ஆகிவிட்டது.

அந்த ஓர் இடம் அக்டோபரில் தொலையவில்லை, தோழர்களே. ஜூலையில், குழு அறையின் கதவருகிலேயே தொலைந்துவிட்டது. பெட்டிக்கு வந்துசேர்ந்ததை மட்டுமே அக்டோபரில் எண்ணினார்கள்.