எட்டு பூவா, ஒன்பது பூவா: ஒரு சவரக்கத்தியின் விலை

சாரல் விழ ஆரம்பித்துப் பத்து நாளாச்சு. சிற்றாற்றில் தண்ணீர் வந்துவிட்டது, கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவியாச்சு, வரப்பு வெட்ட ஆளும் சொல்லியாச்சு. நடவு வரைக்கும் கொஞ்சம் சும்மா இருக்கலாம் என்று நினைத்த வாரத்தில்தான் சென்னையிலிருந்து நண்பர் வந்தார். எல்லாரும் குற்றாலத்துக்குக் குளிக்க வருவார்கள். இவர் கத்தி வாங்க வந்தார்.

கத்தி என்றால் மடக்கி விரிக்கிற பழைய சவரக்கத்தி. சின்ன வயதில் வேப்பமரத்தடியில் குந்த வைத்து, தலையைப் பிடித்து அழுத்தி, காதோரம் சர்ரென்று இழுப்பார்களே, அதேதான். சென்னையிலும் பெங்களூரிலும் இதைச் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்களாம். சிலர் அதிலேயே தினமும் சவரமும் செய்துகொள்கிறார்கள். தென்காசிப் பக்கம் பழைய சாமான் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னதில் தப்பில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சீசன் வந்தால் திருநெல்வேலி அதிகாரிகள் குற்றாலத்து பங்களாக்களுக்கு வந்துவிடுவார்கள். கும்பினிக் காலத்திலேயே அங்கே ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் போட்டாச்சு. ஆள் வந்தால் அவன் சாமானும் கூடவே வரும்தானே.

இரண்டு நாள் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தோம். கிடைத்ததெல்லாம் துரு. கடைசியில் எங்கள் ஊர்ப் பெரியவரிடம் கூட்டிப் போனேன். வயது எண்பத்து நாலு. எங்கள் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் எனக்கும் முடி வெட்டியவர். என்னைவிட அம்பது வயசு மூத்தவரை நான் சின்னப் பையனாக இருந்தபோது பேர் சொல்லி, "ஏ, இங்க வா" என்று கூப்பிட்டிருக்கிறேன். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இப்போது அண்ணாச்சி என்கிறேன். அவர் இன்னும் என்னை "சின்னய்யா" என்கிறார். விடச் சொன்னால் சிரிக்கிறார்.

உள்ளேயிருந்து அடைப்பத்தை எடுத்து வந்தார். தோல் காய்ந்து கருவாடு மாதிரி இருந்தது. அதிலிருந்து இரண்டு கத்தி வந்தது. ஒன்று அட்டைப் பெட்டியோடு, பளபளவென்று. கழுத்தில் ஸோலிங்கன், ஜெர்மனி என்று அடித்திருந்தது. இன்னொன்று கறுத்த எருமைக்கொம்புப் பிடி போட்டது. அலகு தேய்ந்து தேய்ந்து சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. கழுத்தில் ஒரு நட்சத்திரம், பக்கத்தில் ஒரு சிலுவை, பாதி அழிந்த எழுத்தில் ஷெஃபீல்டு. அது ஜோசப் ராஜர்ஸ் கம்பெனி முத்திரை என்று நண்பர் சொன்னார்.

நண்பர் ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பார்த்த பார்வையில் நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். முதலில் கழுத்து. பேர், ஊர், நாடு எல்லாம் அங்கேதான் இருக்கும். 1887இல் இங்கிலாந்து ஒரு சட்டம் போட்டது. ஜெர்மன்காரர்கள் தங்கள் கத்தியில் ஷெஃபீல்டு என்று முத்திரை குத்தி விற்கிறார்கள் என்று அந்த ஊர்க் கத்திக்காரர்கள் போட்ட கூச்சல்தான் காரணம். 'மேட் இன் ஜெர்மனி' என்ற வார்த்தையே அவமானப்படுத்த வந்தது, பிறகு அதுவே பெருமையாகிவிட்டது. 1890இல் அமெரிக்காவும் இறக்குமதிச் சாமானில் நாட்டின் பேர் இருக்க வேண்டும் என்றது. அதனால் நாட்டுப் பேர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்திய கத்தி. மன்னர் எழுத்து இருந்தால் இன்னும் பழசாக இருக்கலாம்.

அடுத்தது அலகு. அகலத்தை அங்குலத்தில் எட்டில் இத்தனை பங்கு என்று சொல்கிறார்கள். எட்டில் ஐந்து, ஆறு சாதாரணம். பழைய கத்தி ஆப்பு மாதிரி கனமாக இருக்கும். பின்னால் வந்தது இரண்டு பக்கமும் குழிவாகச் சாணை பிடித்து, சுண்டினால் கிண்ணென்று பாடும். முதுகு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் தீட்டியவனுக்குக் கை சரியில்லை என்று அர்த்தம். முகத்தில் துரு இருந்தால் பரவாயில்லை, வாயோரம் புள்ளித்துரு விழுந்திருந்தால் தொடவே கூடாது. மயிரிழை விரிசல் ஒன்று இருந்தாலும் அது இரும்புக் கடைக்குத்தான். பிடி செல்லுலாய்டு என்றால் மோந்து பார்க்க வேண்டும். அது கெட்டுப்போனால் புகை விட்டு அலகையே அரிக்கும். தந்தப் பிடி என்று யாராவது ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். வனவிலங்குச் சட்டப்படி வாங்குவதும் குற்றம், விற்பதும் குற்றம்.

'சில்வர் ஸ்டீல்' என்று எழுதியிருந்தால் மயங்கக் கூடாதாம். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அது நம்ம பக்கத்துக் கதையும்கூட.

தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி எடுத்த எஃகை ஐரோப்பியர்கள் 'வூட்ஸ்' என்றார்கள். கன்னட உக்கு, தமிழ் உருக்கு என்று அதற்கு வேர் சொல்கிறார்கள். 1790களில் பம்பாயிலிருந்து அதன் கட்டிகள் லண்டனுக்குப் போயின. 1795இல் ஜார்ஜ் பியர்சன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்று ஒரு கத்திக்காரர். ஐரோப்பாவின் நல்ல எஃகைவிட இந்திய வூட்ஸ்தான் எனக்கு உசத்தி என்று தன் கடை அட்டையிலேயே அச்சடித்துக் கொடுத்தவர். அவரோடு சேர்ந்து வூட்ஸைக் குடைந்து பார்த்தவர் மைக்கேல் ஃபாரடே. ஆமாம், மின்சார ஃபாரடேதான். கொல்லர் மகன். 1819லிருந்து 1822 வரை வூட்ஸைப் போல ஒன்றைத் தாங்களே செய்யப் பார்த்து, எஃகில் வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் எல்லாம் கலந்தார்கள். அந்த எஃகில் சவரக்கத்தி செய்து ஃபாரடே நண்பர்களுக்குக் கொடுத்தார். அதிலிருந்து ஷெஃபீல்டு வியாபாரிகளுக்கு 'வெள்ளி எஃகு' என்ற பேர் கிடைத்தது. பேரை எடுத்துக்கொண்டார்கள், வெள்ளியை விட்டுவிட்டார்கள்.

இன்னொருத்தர் ஜோசையா மார்ஷல் ஹீத். கும்பினியின் மதராஸ் உத்தியோகஸ்தர். சேலத்து இரும்புத்தாதுவை நம்பி 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் உலை போட்டார். பிறகு இங்கிலாந்து திரும்பி, எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டில் எஃகு மலிந்தது அதனால்தான். ஆனால் ஊரே அவர் முறையைப் பயன்படுத்திக்கொண்டு அவருக்குப் பணம் கொடுக்கவில்லை. கோர்ட், வக்கீல் என்று அலைந்து, கையில் காசில்லாமல் 1851இல் செத்துப்போனார். நம்மிடமிருந்து எஃகு கப்பலேறி, கொஞ்ச காலத்தில் அங்கிருந்து கத்தி இங்கே இறங்கியது. நம் மூசைகள் அணைந்துபோயின.

இதையெல்லாம் நண்பர் சொல்லிக்கொண்டிருக்க, பெரியவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கடைசியில் நண்பர் விலை சொன்னார். பெட்டியோடு உள்ளதற்கு நாலாயிரம். தேய்ந்ததற்கு முன்னூறு.

பெரியவர் பெட்டிக் கத்தியைத் தள்ளி வைத்தார். "அது வாய் நிக்காதுய்யா. ஒரு சாணைக்காரன் தண்ணி காட்டாம சக்கரத்துல குடுத்து சூடேத்திட்டான். பொறவு நாலு தாடைக்கு மேல தாங்கல. அதான் பெட்டியில கெடக்கு. இத பாருங்க, நல்ல கத்தின்னா தேயும்லா? நல்லா இல்லாதத எவன் தீட்டுவான்?"

நண்பர் பெட்டிக் கத்தியின் வாயை மறுபடி லென்ஸில் பார்த்தார். ஓரத்தில் மங்கலாக ஒரு நீலம். முதலில் கவனிக்கவில்லை. சூடேறிப் பதம் போனதின் அடையாளம். ஆனாலும் நாலாயிரத்தையே கொடுத்தார். அலமாரியில் வைக்கத்தானே, வாய் எதற்கு என்றார். அது அவர் இஷ்டம். எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

தேய்ந்ததைப் பெரியவர் தரவில்லை. அதை எப்போது விட்டீர்கள் என்று கேட்டேன். எய்ட்ஸ் வந்த பிறகு என்றார். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுதான் இந்தியாவிலேயே முதன்முதலில் அந்தக் கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தது. 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஊர் வரைக்கும் சேதி வந்து, "புது பிளேடு போடுங்க" என்று எல்லாரும் கேட்க ஆரம்பித்தார்கள். பிளேடை நடுவில் ஒடித்து, பாதியைச் செருகும் கத்தி வந்தது. சரியான மாற்றம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் வாரில் தீட்டி, நகத்தில் வைத்துப் பதம் பார்க்கிற அந்தக் கைக்கு அப்புறம் வேலையில்லை. மகன் தென்காசியில் சலூன் வைத்திருக்கிறார். அவருக்குத் தீட்டத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

"இது உங்க தாத்தா திருநவேலியில வாங்கிக் குடுத்தது" என்றார் பெரியவர். நான் பெருமையாகத் தலையாட்டினேன். "சும்மா இல்ல சின்னய்யா. களத்துல பிடிச்சுக்கிட்டாவ. பூவுக்கு ஒரு மரக்கா. ஒம்பது பூ."

நகரத்து நண்பர்களுக்காக: பூ என்றால் ஒரு போகம். கார் ஒன்று, பிசானம் ஒன்று. வருடம் முழுக்க வீட்டில் அத்தனை பேருக்கும் முடி வெட்டி, சவரம் செய்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் நின்றவருக்கு அறுப்புக் களத்தில் அளக்கிற நெல்லுக்கு 'சுதந்திரம்' என்று பேர். நாட்டுக்குக் கிடைத்ததும் இதே வார்த்தைதான். எங்கள் வீட்டில் அது பூவுக்கு மூன்று மரக்கால். அதில் ஒன்றைப் பிடித்தால் மிச்சம் இரண்டு.

ராத்திரி பரணிலிருந்து தாத்தாவின் கணக்கு நோட்டுகளை இறக்கினேன். 1959 காரில் ஆரம்பித்து, அவர் பேருக்கு எதிரே 'கத்தி வகைக்குப் பிடித்தது ம. 1' என்று வரிசையாக இருக்கிறது. கத்தி என்ன விலைக்கு வாங்கியது என்று எங்கேயும் எழுதவில்லை. நெல் வரவு மட்டும்தான். எண்ணிப் பார்த்தேன், எட்டு.

மறுநாள் போய்ச் சொன்னேன். "ஒம்பது" என்றார். குரலை உயர்த்தவில்லை. "கடைசிப் பூவுல, முடிஞ்சு போச்சுங்கய்யான்னு சொன்னேன். சரிடே, இந்தப் பூவோட போதும்னாவ. பிடிச்சுட்டுத்தான் அளந்தாவ."

திரும்பி வந்து அந்த நோட்டை வெளிச்சத்தில் விரித்தேன். எட்டாவது பூவுக்கு அடுத்த இரண்டு தாளைக் கரையான் தின்றிருக்கிறது. ஓரத்தில் தாத்தாவின் மை கொஞ்சம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை.