முதிரையும் லாச்சியும்: மரப்பதிப்புக் கலை பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய அரண்மனைகளை நிறைத்த தளபாடங்களைக் கலைவரலாற்றாசிரியர் நவசெவ்வியற் பாணியின என்பர். பலநிற மரங்களை மெல்லிய தகடுகளாக அறுத்து, வடிவுகளாக வெட்டி ஒட்டி உருவம் சமைக்கும் மரப்பதிப்பு வேலை அவற்றுட் சிறப்பிடம் பெற்றது. தகட்டின் ஓரத்தைச் சூடான மணலிற் புதைத்துக் கருக்கி நிழல் வருவிப்பது இத்தொழிலின் நுட்பங்களுள் ஒன்று. இத்தாலியில் இதிற் பெரும்புகழ் ஈட்டியவர், மிலானுக்கு அண்மையிலுள்ள பராபியாகோ ஊரினரான ஜுசெப்பே மஜ்ஜொலினி (1738-1814). மடாலயத்துத் தச்சராயிருந்த அவர், லொம்பார்டியின் ஆளுநர் பேர்டினாண்ட் இளவரசரின் ஆதரவால் உயர்ந்தார். 86 வகை மரங்களைக் கையாண்டார் என்பர். அவருக்குச் சித்திரம் வரைந்து கொடுத்த அப்பியானி, லெவாத்தி ஆகியோரின் பெயர்களும் வரலாற்றில் நிலைத்துள்ளன. மரம் தறித்தவனின் பெயர் எங்கே?

இவ்வினாவே நம்மை வன்னிக்கு இட்டுவருகின்றது. அக்காலத்து ஆங்கிலேயத் தளபாடங்களுக்குப் பொன்மஞ்சட் பளபளப்பை அளித்த 'சற்றின்' மரம் முதலில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும், பின்னர் இந்தியா, இலங்கை ஆகியவற்றிலிருந்தும் சென்றது. இலங்கையிலிருந்து சென்றது நமது முதிரையே. முதிரை, கருங்காலி, பாலை மூன்றும் வன்னிக் காட்டு மரங்கள். மஜ்ஜொலினியின் பெட்டகமொன்றில் வன்னி மரம் இருந்ததென நாம் வாதிடவில்லை. ஐரோப்பியக் கலைப்பொருளின் பின்னாலிருந்த உழைப்பும் வளமும் எவருடையவை என்பதே நமது வினா.

மொழி இதற்குச் சான்று பகர்கின்றது. மரங்களின் பெயர்கள் தமிழ், கதிரை, மேசை, அலுமாரி ஆகியன போர்த்துக்கேயம், லாச்சி ஒல்லாந்தம். தேர் சமைத்த தச்சருக்குத் தொழில் தெரியாதென்று இதற்குப் பொருளன்று. காடு ஒரு சாராருடையதாகவும், அதனாலாகிய பண்டம் மற்றொரு சாராருடையதாகவும் இருந்த உறவே சொற்களிற் படிந்துள்ளது.

பண்டாரவன்னியன் 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியதை ஓயாது பேசுகின்றோம். முப்பத்தேழு ஆண்டுகளின் பின் வெடியோசையின்றி நடந்ததைப் பேசுவதில்லை. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உரித்து நிறுவப்படாத காட்டையும் பயிரிடப்படாத நிலத்தையும் முடிக்குரியதென அனுமானித்தது. மூதாதையர் சேனை வெட்டிய காட்டிற் கால்வைக்கவும் குடியானவன் காலப்போக்கில் அனுமதி கேட்கலானான். கோட்டையை இழந்ததினும் இது பேரிழப்பு என்பது நமது கருத்து.

மஜ்ஜொலினி பட்டறையின் வரைபடங்கள் மிலானின் ஸ்போர்ஸா கோட்டையிற் பேணப்படுகின்றன. வன்னித் தச்சரின் வரலாற்றையோ கதவுநிலை, கலப்பை, வண்டிச்சில்லு, கோயில் வாகனம் ஆகியவற்றிலிருந்தே எழுதவேண்டும். அவற்றுட் பல 2009 இல் முடிவுற்ற போரில் அழிந்துபோயின.